பெரியம்மா வீட்டு டிவிடி பிளேயரில் ஓட வேண்டும்: எந்த வழி தோது?

பெரியப்பாவுக்கு எண்பது நிறைந்ததற்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். வீடியோக்காரர் வேண்டாம், வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் எடுத்தால் போதும் என்று பெரியப்பாவே சொல்லிவிட்டார். ஆளாளுக்கு எடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் வந்தது, அதை நான் உட்கார்ந்து வெட்டி ஒட்டி ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். அதுவரை பெரிய சிரமம் இல்லை. "அப்படியே ஒரு டிவிடியில போட்டுக் குடுத்துடுப்பா, நான் டிவில பாத்துக்கறேன்" என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பித்தது.

இந்தக் காலத்தில் டிவிடியா என்று கேட்பவர்கள் மன்னார்குடியில் பெரியம்மா வீட்டுக் கூடத்தைப் பார்த்ததில்லை. அங்கே இணையம் கிடையாது. பின்பக்கம் புடைத்த பழைய பிக்சர் டியூப் டிவி, அதற்குக் கீழே பூப்போட்ட துணி போர்த்திய ஒரு டிவிடி பிளேயர், பதினைந்து வருடமாக ஓடுகிறது. ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இந்த வயதில் அவரைப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்வதை விட நான் இரண்டு நாள் கணினியோடு மல்லுக்கட்டலாம் என்று தோன்றியது. இதே வீடியோ டொராண்டோவில் இருக்கும் அத்தைக்கும் கோவையில் இருக்கும் சித்தப்பாவுக்கும் போக வேண்டும். மூன்று வீடு, மூன்று விதமான பெட்டி. நான் முயன்று பார்த்த வழிகளையும், விசாரித்துவிட்டு வேண்டாம் என்று விட்டவற்றையும் எழுதுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு டிஸ்காவது மிச்சமாகும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காலி டிஸ்கை டிரைவில் போட்டு எம்பி4 கோப்பை இழுத்து விட்டேன். அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இந்த டிஸ்கை யூஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா என்று. இரண்டாவதைத் தொட்டால் பிளேயரில் ஓடும் டிஸ்க் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. கோப்பு எம்பி4 ஆகவே போய் உட்காரும், டிஸ்கை முறைப்படி மூடிவைக்கும், அவ்வளவுதான். கணினியில் அருமையாக ஓடிய அந்த டிஸ்கை பெரியம்மாவின் பிளேயர் ஒரு நிமிடம் சுழற்றிப் பார்த்துவிட்டு "நோ டிஸ்க்" என்று கைவிரித்தது.

பிளேயரைக் குறை சொல்ல முடியாது. டிவிடி பிளேயர் முதன்முதலில் ஜப்பானில் கடைக்கு வந்தது 1996இல். இன்றைய செல்போன் வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஹெச்.264 முறை வெளியானதே 2003இல். பிளேயருக்குத் தெரிந்த மொழி எம்பெக்-2 என்ற பழைய சுருக்கும் முறை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தின் அளவு நம் ஊர் முறையில் 720க்கு 576, அமெரிக்க முறையில் 720க்கு 480. படத்துக்கு விநாடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், பெரும்பாலும் ஏசி-3 முறையில். இதெல்லாம் சரியாக இருந்தாலும் கோப்பை வெறுமனே போட்டால் எடுக்காது. வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் படமும் ஒலியும் சேர்ந்த விஓபி கோப்புகள், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்பு, அதற்கு நகலாக ஒரு பியூபி என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஆக வேலை மூன்று: வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றுவது, அந்தக் கோப்புறையைக் கட்டுவது, டிஸ்கில் ரைட் செய்வது. கீழே சொல்லும் வழிகள் எல்லாமே இந்த மூன்றையும் யார் செய்வது என்பதில்தான் வேறுபடுகின்றன.

ஒரு சந்து வழி உண்டு. சில பிளேயர்களின் முகப்பில் டிவ்எக்ஸ் என்ற முத்திரை இருக்கும். அவை ஏவிஐ கோப்புகளை, டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட் முறையில் இருந்தால், வெறும் டேட்டா டிஸ்கிலிருந்தே எடுத்து ஓட்டும். பெரியம்மா வீட்டுப் பெட்டியில் அந்த முத்திரை இல்லை. இருந்தாலும் நான் அதை நம்பியிருக்க மாட்டேன், அடுத்த பிளேயர் வாங்கினால் ஓடுமா என்று சொல்ல முடியாது.

அடுத்து பென் டிரைவ். சித்தப்பாவுக்கு இதுதான், அதில் யோசிக்கவே தேவையில்லை. அவரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு டிவி, எம்பி4ஐ நகலெடுத்துக் கொடுத்தால் முழுத் தெளிவோடு பார்க்கலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒருமுறை பாதி நகலாகி நின்றபோதுதான் எனக்கே அது நினைவுக்கு வந்தது. டிவிடிக்குப் போகும்போது எவ்வளவு இழக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: செல்போனின் முழு எச்டி படத்தில் இருக்கும் புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் நம் ஊர் டிவிடி படத்தில் இருக்கும். அமெரிக்க முறையில் ஆறில் ஒரு பங்கு. பெரிய எல்இடி டிவியில் டிவிடி போட்டால் முகங்கள் பூசினாற்போலத் தெரிவது இதனால்தான். எனவே பார்ப்பவர் வீட்டு டிவியில் யூஎஸ்பி ஓட்டை இருந்து, அவருக்கு அதில் கை பழகியிருந்தால், டிவிடி பக்கமே போகாதீர்கள். "என் டிவிடி பிளேயரிலேயே யூஎஸ்பி இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கும், ஆனால் மலிவான பிளேயர்களில் பலவற்றில் அந்த ஓட்டை எம்பி3 பாட்டுக்கும் டிவ்எக்ஸ் படத்துக்கும்தான், செல்போன் எம்பி4 அங்கேயும் தோற்கும்.

ஸ்டுடியோவில் கொடுப்பது மூன்றாவது வழி. டிஸ்க் டிரைவ் இல்லாதவர்களுக்கு, அதுவும் இன்றைய லேப்டாப்புகளில் டிரைவே வருவதில்லை என்பதால், இது நியாயமான வழிதான். நானும் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். பிளேயரில் ஓடியது, அதில் குறையில்லை. ஆனால் திறந்ததும் முதல் இருபது விநாடி கடையின் பெயர் பறந்து பறந்து வந்தது, ஒரு மணி நாற்பது நிமிட வீடியோவை இரண்டு டிஸ்காகப் பிரித்துவிட்டார்கள், பிரித்த இடம் சரியாகப் பெரியப்பா தாலி கட்டும் நேரம். பெரியம்மா பாதியில் டிஸ்க் மாற்ற எழுந்திருக்க வேண்டும். கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயத்தைச் சொல்லியே கொடுங்கள்: ஒரே டிஸ்க், முன்னால் விளம்பரம் வேண்டாம், எங்கெங்கே சாப்டர் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை, நாம் சொல்லாததால் செய்வதில்லை.

தனியாக டிவிடி ரெக்கார்டர் என்று ஒரு பெட்டி முன்பு விற்றது, இன்னும் சிலர் வீட்டில் இருக்கிறது. பழைய விஎச்எஸ் கேசட்டை டிஸ்கில் ஏற்ற அது நல்ல பெட்டி. கணினியில் எடிட் செய்த கோப்பை மஞ்சள் ஒயர் வழியாக அதற்கு அனுப்பிப் பதிவு செய்வது, நல்ல பாலில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. விட்டுவிடலாம்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள்: நீரோ, டிஎம்பிஜிஎன்க் ஆதரிங் வொர்க்ஸ் போன்றவை. பிந்தையது இந்த வேலையில் உண்மையிலேயே நேர்த்தியானது. ஆனால் வருடத்துக்கு ஒரு டிஸ்க் போடும் வீட்டுக்கு அது தேவையில்லை, மாதம் பத்து விசேஷ வீடியோ செய்பவர் வாங்கட்டும். ஒரு காலத்தில் இந்தப் பேச்சே தேவைப்படவில்லை. விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் டிவிடி மேக்கர் கூடவே வந்தது, ஆப்பிளில் ஐடிவிடி இருந்தது. விண்டோஸ் 8இல் டிவிடி மேக்கரை எடுத்துவிட்டார்கள், ஆப்பிளும் ஐடிவிடியைக் கைகழுவிவிட்டது. வீட்டில் பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்று தூசியடைந்து கிடந்தால், அதைத் தட்டி எழுப்புவதும் ஒரு வழிதான், கேலி செய்யவில்லை.

மிச்சம் இருப்பது இலவச மென்பொருள். நான் கடைசியில் நின்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிவிடி ஃபிளிக் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸில் மட்டும் ஓடும். கோப்பைப் போடு, பொத்தானை அமுக்கு, டிஸ்க் ரெடி என்கிற அளவுக்கு எளிது. அதன் கடைசிப் பதிப்பு 2009இல் வந்தது, அதுதான் சிக்கல். புதிய செல்போன்கள் பல ஹெச்.265 முறையில் பதிவு செய்கின்றன, அது வெளியானதே 2013இல், பாவம் அந்த மென்பொருளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எடிட் செய்து ஹெச்.264 ஆக வெளியே எடுத்த ஒற்றைக் கோப்பு, மெனு எதுவும் வேண்டாம், போட்டதும் ஓடினால் போதும் என்றால் இன்றைக்கும் இது போதுமானது.

டிவிடி ஸ்டைலர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மெனு, சாப்டர் எல்லாம் உண்டு. முதல் முறை திறக்கும்போது கொஞ்சம் மலைப்பாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். நான் மெனுவில் தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்யவில்லை. பெரியப்பா பெரியம்மா மாலையோடு நிற்கும் படத்தில் வேண்டிய எழுத்துகளை வேறு மென்பொருளில் எழுதி, அதையே மெனுவின் பின்னணியாக வைத்து, மேலே பொத்தான்களை மட்டும் அடுக்கினேன். கணபதி ஹோமம், கலச அபிஷேகம், மாங்கல்ய தாரணம், பந்தி என்று நான்கு பொத்தான். பந்திதான் முக்கியம், அன்றைக்கு மணையில் உட்கார்ந்திருந்ததால் யார் யார் வந்தார்கள் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. எழுத்தோ பொத்தானோ எதையும் ஓரத்தில் வைக்காதீர்கள். டியூப் டிவிகள் படத்தின் நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கிவிடும், ஒவ்வொரு ஓரத்திலும் பத்தில் ஒரு பங்கு விட்டு எழுதினால் தப்பிக்கலாம். எடிட்டில் கீழே ஓடவிட்ட பெயர்களுக்கும் இதே விதி, இது தெரியாமல் நான் ஒருமுறை எல்லாப் பெயர்களையும் மறுபடி மேலே ஏற்றினேன்.

எடிட்டரிலிருந்து கோப்பை வெளியே எடுக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். சின்னக் கோப்பாகச் சுருக்கி எடுத்து அதை மறுபடி எம்பெக்-2 ஆகச் சுருக்கினால் இரண்டு முறை பிழிந்த மாதிரி ஆகிவிடும். பெரிதாக எடுங்கள், சுருக்குவது ஒருமுறை நடக்கட்டும். செல்போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி விநாடிக்கு இத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே எடுக்கும். அந்த மூலக் கோப்பை நேராக டிவிடி மென்பொருளில் போட்டால் போகப் போக உதடு ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம் என்று விலகும். எடிட்டரில் நிலையான வேகம் வைத்து எடுத்த கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

அளவு பற்றிய கணக்கு ஒன்று. சாதாரண டிஸ்க் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும், ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு. ஒரு மணி நேர வீடியோ என்றால் விநாடிக்கு 8 மெகாபிட் தாராளமாக வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒலியும் சேர்த்து 5 மெகாபிட்தான் தேறும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் மூன்றரைக்கு இறங்கும், அப்போது ஹோமப் புகையும் அட்சதை தூவுவதும் கட்டம் கட்டமாக உடையும், அசையும் சின்னப் பொருட்கள்தான் முதலில் அடிவாங்கும். என்னுடைய ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு 6 மெகாபிட் கிடைத்தது, ஒலிக்கு 192 கிலோபிட் போக மீதி படத்துக்கு. டியூப் டிவியில் குறையே தெரியவில்லை. 8.5 ஜிபி பிடிக்கும் இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறதே என்றால், விலையும் கூட, பழைய பிளேயர்களில் அடுக்கு மாறும் இடத்தில் தடுக்குவதும் உண்டு. வீடியோவில் இன்னும் பத்து நிமிடம் வெட்டுவது அதை விட நல்லது, யாரும் தேட மாட்டார்கள்.

இப்போது எனக்கு அதிக நேரம் பிடித்த முடிவு: பால் முறையா, என்டிஎஸ்சி முறையா. குடிக்கிற பால் இல்லை, டிவி முறை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால், விநாடிக்கு 25 படம். அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி, ஏறக்குறைய 30. நம் ஊர் பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், வட அமெரிக்கப் பெட்டிகளில் பல பாலைத் தொடாது. ஆக அத்தைக்கு என்டிஎஸ்சிதான். பெரியம்மாவுக்குத் தனியாக பால் டிஸ்க் செய்யலாம் என்றுதான் முதலில் இருந்தேன், வரிகள் கூட, 480க்குப் பதில் 576. ஆனால் செல்போன் வீடியோ விநாடிக்கு 30 படம். அதை 25 ஆக்க ஆறில் ஒரு படத்தை மென்பொருள் தூக்கிப்போடும், கேமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் வீடியோ விக்குவது மாதிரி தெரியும். இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கூடுதல் வரிகள் அந்த டியூப் டிவியில் தெரியவில்லை, விக்கல் தெரிந்தது. ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே என்டிஎஸ்சி டிஸ்க். உங்கள் வீடியோ 25 படத்தில் எடுத்த பழைய ஹேண்டிகேம் வீடியோ என்றால் கணக்கு நேர்மாறு, யோசிக்காமல் பால் முறைக்குப் போங்கள். முடிவெடுக்கும் முன் பார்ப்பவர் வீட்டில் பத்து நிமிட மாதிரி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், என்டிஎஸ்சி ஒத்துவராத டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வரும் அல்லது உருண்டுகொண்டே இருக்கும். மண்டலக் குறியீடு, அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்கில் வைக்கும் எண், என்பது வேறு, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியாவுக்கு 5, கனடாவுக்கு 1 என்றிருப்பது கடைப் படங்களுக்கு. வீட்டில் கட்டும் டிஸ்கை எல்லா மண்டலத்துக்கும் என்று வைத்துவிடலாம்.

பிளேயரின் அமைப்பில் டிவியின் வடிவம் தப்பாக இருந்தால் எல்லோரும் தென்னை மரம் போல நீண்டு தெரிவார்கள். டிஸ்கைத் திட்டாமல் அதை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

டிவிடி ஸ்டைலரே டிஸ்கில் ரைட் செய்யும். நான் அப்படிச் செய்யாமல் முழு டிஸ்கையும் ஒரே கோப்பில் அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் திறந்து மெனு முதல் கடைசி சாப்டர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருள் வழியாக ரைட் செய்தேன். பிழை கண்டுபிடிப்பது கோப்பாக இருக்கும்போதே நடந்தால் டிஸ்க் வீணாகாது. அதோடு அடுத்த நகல் கேட்டால் ஐஎஸ்ஓவை எடுத்து ரைட் செய்தால் போதும், மறுபடி மணிக்கணக்கில் மாற்ற வேண்டியதில்லை. இம்ஜ்பர்ன் 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆனாலும் இந்த வேலையில் அதை நம்புகிறேன். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது ஏற்றச் சொல்லிக் கேட்டால் டிக்கை எடுத்துவிட்டு மேலே போங்கள். ரைட் ஆனதும் சரிபார்க்கும் வசதியை மட்டும் நிறுத்தாதீர்கள். வேகம் 4 அல்லது 8 மடங்கு போதும். 4 மடங்கில் முழு டிஸ்க் கால் மணி நேரம் ஆகும், ஒரு காபி குடிக்கிற நேரம். வெளியே சொருகும் யூஎஸ்பி டிரைவ் பாதியில் நின்றால் பெரும்பாலும் மின்சாரம் பற்றாத கோளாறுதான், ஹப்பில் சொருகாமல் கணினியிலேயே நேராகச் சொருகிப் பாருங்கள்.

டிஸ்கில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு உண்டு. பழைய பிளேயருக்கு மைனஸ் ஆர் வாங்குங்கள், புதிய பிளேயருக்கு எதுவும் ஓடும். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டாம், அதில் ஒளி திரும்புவது குறைவு, வயசான பிளேயரின் கண்ணுக்குத் தெரியாது. மோசர் பேயர் டிஸ்க் எல்லாத் தெருவிலும் கிடைத்த காலம் போய்விட்டது, அந்த நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. சென்னையில் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், உறை பிரிக்காத நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்குங்கள். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும். மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.

பெரியம்மாவுக்கு ஒரே டிஸ்கின் மூன்று நகல் கொடுத்திருக்கிறேன், ஒன்று பேரன் பேத்திகள் தரையில் உருட்டுவதற்கு. கூடவே எம்பி4 ஒரு பென் டிரைவிலும் இருக்கிறது, அந்த பிளேயர் என்றைக்காவது கண்ணை மூடினால் தேவைப்படும். பந்தி சாப்டரை இதுவரை எத்தனை முறை போட்டாரோ தெரியாது. அத்தைக்கான டிஸ்க் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, டொராண்டோவுக்கு யாராவது கிளம்பினால் கொடுத்தனுப்ப வேண்டும்.